சிம்மாசனமும் வெள்ளைத் துண்டும்

ஜமீன் மாளிகை அரசு அலுவலகமானதும் பழைய சிம்மாசனத்தை மூலையில் தள்ளிவிட்டார்கள். கேன்டீன் அடுப்புக்கு விறகாகப் போகிறோமே என்று அது நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தைவிட அதைக் குழப்பியது, எதிரே கிடந்த அதிகாரியின் மர நாற்காலி. அதிகாரி எந்நேரமும் வெளியூரில். ஆனாலும் வருகிறவர்களெல்லாம் காலி நாற்காலியைக் கும்பிட்டார்கள்.

"ஏன் தம்பி, யாருக்கு இந்தக் கும்பிடு?" என்று நாற்காலியிடம் கேட்டது சிம்மாசனம்.

"என் முதுகில கிடக்கிற வெள்ளைத் துண்டுக்குத்தான், பெரியவரே."

"கொஞ்ச நேரம் எனக்குத் தாயேன்ப்பா!"

நாற்காலி சிரித்துக்கொண்டே முதுகைச் சிலுப்ப, துண்டு மின்விசிறிக் காற்றில் பறந்து சிம்மாசனத்தின் மேல் விழுந்தது.

அந்நேரம் டவாலி மாட்டிய பியூன் மாசானம் உள்ளே வந்தார். துண்டைக் கண்டதும் கும்பிட்டார். சிம்மாசனத்தை நடுவே இழுத்துப் போட்டுவிட்டு, நாற்காலியைக் கேன்டீனுக்குத் தூக்கிப் போனார்.

சிம்மாசனத்துக்குத் தலை சுற்றியது. "அப்போ இங்கே ராஜா நானா, நீயா?"

"அதெல்லாம் தெரியாது தாத்தா," என்றது துண்டு. "நாளைக்கு என்னை வெளுக்கப் போடுவாங்க."