அமலி வைத்த பள்ளம்

‘மார்ச் 11, செவ்வாய். பள்ளத்தில் எத்தனை கல் வைத்தேன் என்று எண்ணாமல் விட்டது என் தவறு’ என்று மாலைநேரக் கணினி வகுப்பு நோட்டில் எழுதினான் ஜோயல்.

பழைய வீடியோ கேம் ஒன்றை அவன் தங்கை அமலி அம்மாவுக்காகவே மாற்றி அமைத்திருந்தாள். குதித்தோடும் பொம்மை நடுவில் அவள் வைத்த ஒரு பள்ளத்தில் விழும். உடனே திரையில், ‘எம்மா, மறுபடியும் விழுந்துட்டியா?’ என்று அமலி எழுதிய வரி வரும். அமலி இறந்த பிறகும் அம்மா தினமும் விளையாடினாள். அந்த வரியைப் பார்த்து அழுதாள். அதைப் பொறுக்க முடியாமல்தான் ஜோயல், வகுப்பில் படித்ததை வைத்து, பொம்மை தாண்டும்வரை பள்ளத்தில் கல் கல்லாக அடுக்கினான்.

இன்று அம்மா முதல் தாவலிலேயே தாண்டிவிட்டாள். ஆட்டம் முடியும் கொடிக்கம்பம்வரை போய், வெகுநேரம் திரையையே பார்த்திருந்தாள்.

“ஏல, அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்காளே.”

“நீ ஜெயிச்சிட்டம்மா.”

“ஜெயிக்கவால விளையாடுதேன்?”

ஜோயல் நோட்டில் மேலும் ஒரு வரி எழுதினான். ‘நாளை: அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் விழும்வரை ஒவ்வொரு கல்லாக எடுக்க வேண்டும்.’