முன்னால் ஒரு இன்ஜின்

"ஏட்டய்யா, டிக்கிக்குள்ள இன்ஜின் கீதுங்க!"

கான்ஸ்டபிள் ஞானதாஸ் போட்ட கூச்சலில், உத்திரமேரூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற சிவப்புக் காரின் சொந்தக்காரர் சிரித்துவிட்டார்.

"கத்தாதய்யா. யார் யார் கீறாங்கன்னு மொதல்ல எழுது. அப்பால எவனும் நான் அங்க இல்லன்னு சொல்லக் கூடாது," என்றார் ஏட்டு பஞ்சாட்சரம்.

ஞானதாஸ் நோட்டில் எழுதினான்: ஏட்டு பஞ்சாட்சரம். கான்ஸ்டபிள் ஞானதாஸ். எதிர்ப்பக்க டீக்கடை பாஞ்சாலி. கார் சொந்தக்காரர் தாமோதரன், மெட்ராஸ்; பழையசீவரம் மலைக்கோயிலுக்கு வந்து வழி தப்பியவர், உத்திரமேரூருக்கு இதுவே முதல் தடவை.

மதுவிலக்கு அமலில் இருந்தது. ஆனாலும் மூன்று மாதமாக இந்த வழியாகச் சாராயம் போய்க்கொண்டிருந்தது. இங்கிருந்து ஏற்றி அனுப்புகிறவன் யாரென்று தெரியவில்லை. வருகிற காரையெல்லாம் சோதிக்கச் சொல்லி உத்தரவு. ஆனால் போன மாதம் பஞ்சாட்சரம் ஒரு பெரிய மனிதரின் காரைத் திறந்தார். உள்ளே கல்யாணச் சீர்வரிசைத் தட்டுகள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஏட்டுப் பட்டை போய்விடும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

"பின்னாடி இன்ஜின்னா, முன்னாடி இன்னா சார் கீது?" என்று ஏட்டு முன்மூடியைத் திறக்கக் கை நீட்டினார்.

"இன்னொரு இன்ஜின்," என்றார் தாமோதரன். "ரேஸ் வண்டிக்கு ஒரு இன்ஜின் பத்துமா? ரெண்டு இருக்கறதாலதான் இந்த வேகம் போகுது. இப்பத்தான் ஓட்டிட்டு வந்தேன், கொதிக்கும். திறந்தா மூஞ்சி வெந்துடும்."

நீட்டிய கையை ஏட்டு சட்டென்று இழுத்துக்கொண்டார்.

ஞானதாஸுக்குக் குழப்பம். பின்மூடியைத் திறந்தபோது தன் மூஞ்சி வேகவில்லையே? கேட்க வாயைத் திறந்தான். ஏட்டு முறைத்தார். மூடிக்கொண்டான்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். கூரத்துல என் மச்சான் ஒருத்தன் கீறான். நெலத்த வித்துட்டு இதே மாதிரி வண்டி வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாங்கறதுக்கு முன்னாடி இன்னா இன்னா தெரிஞ்சிக்கணும்?"

தாமோதரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் தந்தா பெரிசு. ஒரு போல்ட் போனாலும் கப்பல்லதான் வரணும். வண்டி தரையை ஒட்டி நிக்குது, பாருங்க."

"ஏரிக்கரை மேல போவுமா?"

"வயிறு தட்டும்."

"நெல்லு மூட்டை ஏத்தலாமா?"

"ரெண்டு பேர் உக்காரலாம். அவ்வளவுதான்."

"அப்போ மச்சான், மச்சான் பொண்டாட்டி. மாமியாரு?"

"மாமியார வுட்டுட்டுப் போறதுக்குத்தானே ஏட்டய்யா இம்மாம் வெல குடுத்து வாங்குறாங்கோ," என்றாள் பாஞ்சாலி, கிளாஸ் கழுவியபடி.

"ரெண்டு இன்ஜினுக்கும் ரெண்டு சாவியா சார்?"

"ஒரே சாவி." தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் கிளம்பலாமா?"

"தாராளமா. ஒரே ஒரு பேஜார். தொறக்காம வுட்டேன்னு மேல கேட்டா என் பட்டை போயிடும். ஒரு மெக்கானிக்கு பாத்து எழுதிக் குடுத்துட்டா தப்பிச்சேன். ஊர்ல மூணு ஷெட்டு கீது. யாரக் கூப்பிடலாம்? நீங்களே சொல்லுங்க. வேணும்னே வேண்டாதவனக் கூட்டியாந்தேன்னு பேர் வரக் கூடாது."

"கன்னியப்பன் வரட்டும். சீக்கிரம்."

ஞானதாஸ் சைக்கிளில் போய்க் கூட்டிவந்தான். கன்னியப்பன் பம்ப்செட், டிராக்டர் எல்லாம் பார்ப்பவன். காரை ஒரு சுற்றுச் சுற்றினான். முன்மூடியில் காதை வைத்துக் கேட்டான்.

"ரெண்டு இன்ஜின் வண்டிதாங்க. முன்னாடிதும் பயங்கர சூடு. தொறக்கக் கூடாது."

"மெய்யாலுமா?"

"தொழில் தெரிஞ்சவன் சொல்றேன் ஏட்டய்யா."

"அப்போ செரி. உள்ள வா, அதையே எழுதிக் கையெழுத்துப் போடு. சார், நீங்களும் ஒரு கையெழுத்து. சாவி இப்படி மேசைமேல இருக்கட்டும்."

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தாமோதரன் சாவிக்குக் கை நீட்டினார். ஏட்டு அதை எடுத்து ஞானதாஸிடம் எறிந்தார்.

"போய் முன்மூடியத் தொற."

தாமோதரன் எழுந்தார். ஏட்டின் லத்தி அவர் தோளில் அமர்ந்தது. உட்கார்ந்துவிட்டார்.

வெளியிலிருந்து மறுபடியும் கூச்சல். "ஏட்டய்யா, முன்னாடி இன்ஜினே இல்லீங்க! ரப்பர் டியூப் டியூபா சாராயம்!"

"அது தெரியும், உள்ள வா. நோட்டுல எழுதினதப் படி."

மூச்சு வாங்க ஞானதாஸ் படித்தான். "கார் சொந்தக்காரர் தாமோதரன்... உத்திரமேரூருக்கு இதுவே முதல் தடவை." அங்கேயே நின்றுவிட்டான். முதல் தடவை வருகிறவர் கன்னியப்பன் பேரை எப்படிச் சொன்னார்?

"மெட்ராஸ்ல அஞ்சு வருசம் ஒரு வெள்ளக்காரர் வூட்டு வாசல்ல எனக்கு டூட்டி," என்றார் பஞ்சாட்சரம், லாக்கப் சாவியை எடுத்தபடி. "இதே மாதிரி வண்டிய தெனம் நான்தான் தொடைச்சேன். முன்னாடி சாமான் வைக்கிற எடம்தான்னு அப்பவே தெரியும். வண்டி எனக்கு எதுக்கு? ஏத்தி அனுப்பறவன் பேருதான் வேணும். சார் வாயாலயே வந்துட்டுது."

ஞானதாஸுக்குக் குழப்பம் இன்னும் தீரவில்லை. "அப்போ கூரத்து மச்சான் வண்டி வாங்கறது?"

"எனக்கு ஏதுய்யா மச்சான்?" என்றபடி இருவரையும் உள்ளே தள்ளி, லாக்கப் கதவைச் சாத்திப் பூட்டினார் ஏட்டு.