கல்லிண்டாவில் நாற்பது பேர்

எங்கள் ஊரில் நாற்பது பேர் இருக்கும்வரைதான் ரயில் நிற்கும். தெற்கு ஆஸ்திரேலியாவில் கல்லிண்டா என்றால் கோதுமை வயல், நான் வேலை பார்க்கும் தானியக் கிடங்கு, ஒரு பிளாட்பாரம், அவ்வளவுதான். டிரைவர் இல்லாத ரயில், ஊர்ப் பலகையில் ஓடும் ஆள் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்; ஒரு குழந்தை பிறந்தாலும் அந்த எண் உடனே ஏறிவிடும்.

தலைப்பிரசவம் அடிலெய்டில் அக்கா வீட்டில்தான் என்று என் மனைவி கோதை பிடிவாதமாக இருந்தாள். நேற்று டிக்கெட் எடுக்கும்போது, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று திரை கேட்டது. நம் வழக்கப்படி மூன்று மாதம் என்று நான்தான் தட்டினேன்.

இன்று காலை பிளாட்பாரத்தில் நிற்கும்போதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

"ஏங்க, பலகையைப் பாருங்க."

முப்பத்தொன்பது.

மூன்று மாதம் வெளியே இருப்பவள் ஊர்க்காரி இல்லையாம். பதறிப்போய் டிக்கெட்டை ரத்து செய்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி சேர்ப்போம் என்றது திரை. அதற்குள் ரயில் வந்துவிட்டது. சட்டையைக் கழற்றி ஆட்டிக் கத்தினேன். வேகம் குறையாமல், காலி ஜன்னல்கள் எங்களைத் தாண்டி ஓடின. ரோடு போன வார வெள்ளத்தில் அறுந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரி இருநூறு கிலோமீட்டர்.

கோதை பெஞ்சில் சரிந்தாள். பனிக்குடம் உடைந்து தரை நனைந்திருந்தது.

"அடுத்த ரயில் எப்பங்க?"

"நாலு மணிக்கு."

"நிக்குமா?"

"நாப்பது பேர் இருந்தா நிக்கும்."

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு வயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்போ நாலு மணிக்குள்ள இங்கயே பெத்தாகணும்."