பதினான்கு சங்கிலி தூரம்

வீடில்லாதவர்கள் படுக்கும் இடங்களிலிருந்து புதிய இரவு விடுதி எவ்வளவு தூரம் என்று அளந்து வரைபடத்தில் குறிப்பது தேவகியின் வேலை. ஆரணி பேருந்து நிலையத்திலிருந்து நூறடி அளவுச் சங்கிலியால் பதினான்கு முறை. நேற்று பியூன் சவரிராஜோடு அளந்தாள். இன்று சரிபார்க்கும்போது அவர் லீவு. நிலையத்திலேயே படுக்கும் பொன்னியம்மாளைப் பின்முனையைப் பிடிக்கச் சொன்னாள்.

“ஆறு மணிக்குக் கதவ சாத்திடுவாங்க, ஜல்தி வாங்க. இன்னிக்கு உள்ளயே படுத்துக்கலாம்.”

“மூணு நாளா நடந்துகினுதாம்மா கீறேன். அந்த விடுதி வர மாட்டேங்குது.”

“நடக்க சோம்பல்னு சொல்லுங்க” என்று தேவகி சிரித்தாள்.

பதினான்கு ஆயிற்று. விடுதியின் நீலக் கதவு முன்னே தெரிந்தது. இருபது. முப்பத்தொன்று. பட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னே போயின. கதவு மட்டும் நெருங்கவில்லை.

மழை பிடித்தது. காவலாளி கதவில் கை வைத்தார்.

“நீங்க வாங்க, நான் போய் தொறந்து வெக்க சொல்றேன்.”

பொன்னியம்மாளிடம் சொல்லிவிட்டுத் தேவகி சங்கிலியைக் கீழே போட்டு ஓடினாள். பத்தே எட்டு வைத்ததும் வாசல் வந்துவிட்டது.

திரும்பினாள். நூறடிச் சங்கிலி தெருக்கோடிவரை நீண்டு கிடந்தது. அதன் மறுமுனையில், பேருந்து நிலையத்துக்கும் அப்பால், எறும்பளவாகப் பொன்னியம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

“வேற யாரும் வரலியேம்மா” என்று காவலாளி இரட்டைக் கதவில் ஒன்றைச் சாத்தினார்.

மற்றொன்றைச் சாத்த விடாமல் தேவகி அதில் சாய்ந்து நின்றுகொண்டாள்.