லோடு மேல் ஓர் ஆள்

வேறு கடைக்குப் போகலாம் என்று தணிகாசலம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மனைவி கெங்கம்மாள் காதிலேயே வாங்கவில்லை. பொன்னேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்ட டிராக்டர் கடைக்குள் விறுவிறுவென்று நுழைந்துவிட்டாள்.

இந்தக் கடையில் யாரும் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது. அது ஒன்றுதான் அவருடைய வேண்டுதல்.

மிஷின் வாங்காமலும் இருக்க முடியாது. அறுத்த வயலில் வைக்கோல் உருளைகள் போட்டது போட்டபடி கிடக்கின்றன. ஒரு மழை பெய்தால் மாடுகூட முகர்ந்து பார்க்காது. ஊர் இளவட்டங்கள் எல்லாம் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற நாலு பேரும், பரத் செத்த பிறகு, இவர்கள் லோடு மேல் ஏறமாட்டேன் என்கிறார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கழனிப் பாதையில் கரண்டுக் கம்பி தொய்ந்து தொங்கும். வைக்கோல் வண்டி கீழே போகும்போது, லோடு உச்சியில் ஒருவன் நின்று காய்ந்த மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். போன வருஷம் ராத்திரி மழையில் ஊறிப்போன மூங்கிலோடு ஏறினான் பரத், இவர்கள் பெற்ற ஒரே பிள்ளை.

“வேற இன்னா வழி இருந்துச்சு, சொல்லு?” என்று கேட்டுக் கேட்டுத்தான் தணிகாசலம் அவளை நாலு வாய் சாப்பிட வைத்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் எழுந்து நடமாடுகிறாள்.

கடை மூலையில் ஏணி மாதிரி சாய்ந்து நின்ற, உருளைகளை லோடு மேல் ஏற்றிவிடுகிற பெல்ட் மிஷினிடம் அவளை நைசாக ஒதுக்கப் பார்த்தார். “இதே போதும்.”

“இதுக்கு மேல ஆளு வோணுமா?” என்று கேட்டாள் கெங்கம்மாள்.

“அடுக்க ரெண்டு பேரு நிக்கணும்மா.” கடைக்காரப் பையன் சரவணன் வந்துவிட்டான். “இங்க வாங்க, இத்தப் பாருங்க.”

முன்னால் இரும்புக் கை வைத்த டிராக்டர். கையின் நுனியில் ஈட்டி போல இரண்டு கூர். உருளையைக் குத்தித் தூக்கி, ஒவ்வொன்றாய் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கே நிற்கிற லாரியில் வைத்துவிடுமாம். லோடு வண்டி கழனிக்குள் வரவே வேண்டாம். மேலே ஆளும் வேண்டாம்.

கெங்கம்மாள் அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். “இது இப்பத்தான் வந்துச்சா?”

“நாலு வருஷமா விக்கிறோம்மா.” சொல்லிக்கொண்டே தணிகாசலத்தைப் பார்த்தவன் முகம் மலர்ந்தது. “அட, நைனா! போன அறுப்புக்குப் பையனோட வந்தீங்கல்ல? தம்பி குந்தி ஓட்டியே பார்த்துச்சே. நீங்கதான், ‘நீ இருக்கச் சொல்ல மிஷின் இன்னாத்துக்குடா’ன்னு சிரிச்சிக்கினே இட்டுனு போய்ட்டீங்க.”

பெருமையாகத்தான் சொன்னார் அன்றைக்கு. பிள்ளையின் முதுகில் தட்டிக்கூடச் சொன்னார்.

கெங்கம்மாள் புருஷன் பக்கம் திரும்பவில்லை.

“இதே வண்டியா?”

“இதேதாம்மா. ஓட்டிக் காட்டறதுக்கு வெச்சிருக்கிற வண்டி.”

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தட்டுத் தடுமாறி ஏறி, அந்த சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இத்தையே குட்துடுப்பா” என்றாள் சரவணனிடம்.

தணிகாசலம் கீழே நின்றார். அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.