கரும்புகை

மன்னார்புரம் வீட்டு வாசலில் ஆசீர் சாவியைத் திருப்பியதும், இருபது வருடப் பழைய காரிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று கிளம்பியது. வாங்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பெட்ரோல் நாத்தம் தாங்கலைங்க. நான் வரேன்," என்று போய்விட்டார்.

"மூணாவது ஆளும் போயாச்சு. இனி புது கார் வாங்கின மாதிரிதான்," என்றாள் மனைவி சுஜா.

"வேற ஆள் வராமலா போயிடுவாங்க," என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார் ஆசீர்.

அவள் உள்ளே போனதும் பானெட்டைத் திறந்து, காலையில் தானே கழற்றிவிட்ட ஒயரைச் செருகினார். என்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் ஒயர் அது. கழன்றால் வண்டி பெட்ரோலை அள்ளிக் குடிக்கும். செருகிவிட்டு ஸ்டார்ட் செய்தார். புகை நிற்கவில்லை.

குனிந்து தேடினார். காற்றை அளக்கும் சென்சாரின் ஒயரும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது நான் கழட்டினதுங்க," என்றாள் பின்னால் வந்து நின்ற சுஜா.

"நீதானே புது கார் கேட்டே?"

"நீங்க ஆசைப்படுறீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன். நம்ம பொண்ணு பொறந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்த வண்டி. குடுக்க எப்படி மனசு வரும்?"

ஆசீர் சிரித்துவிட்டார். அப்போது புரோக்கர் போன் செய்தார். தென்னூரிலிருந்து இன்னொருவர் வருகிறாராம்.

சுஜா போனை வாங்கினாள். "வர வேணாம்னு சொல்லிடுங்கண்ணே. இந்த வண்டிக்கு வீட்டுக்குள்ளயே ரெண்டு பேர் போட்டி."