பத்தில் ஒரு பங்கு வலி

எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் வைத்தியப் பெட்டி, பேசுகிறவரின் குணம் தெரிந்து கேட்கும். நான் தும்மினால் பாளையங்கோட்டையே அதிர்ந்தது என்பேன். கொசு கடித்தால் அரை லிட்டர் ரத்தம் போயிற்று என்பேன். அது பத்தால் வகுத்துவிட்டு, "வெந்நீர் குடியுங்க சார்" என்னும். ரிட்டயரான மனிதனுக்கு இதைவிட என்ன பொழுதுபோக்கு வேண்டும்!

என் மனைவி ஷர்மிளா அதனிடம் பேசியதே இல்லை. தை மாதத்தில்தான் வாய் திறந்தாள்: "ரெண்டு வாய் தின்னாலே வயிறு நிறைஞ்சிருது." இதுவும் இந்த வீட்டுப் பேச்சுதானே என்று பெட்டி அதையும் வகுத்தது. வெந்நீர் குடிக்கச் சொன்னது. ஆடி வரைக்கும் குடித்தாள்.

இரைப்பைச் சுவர் முழுக்கத் தடித்து இறுகிப்போகும் அபூர்வப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். "பெட்டிகிட்ட அப்பவே சொல்லலையா?" என்றார் டாக்டர். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

இப்போது மருந்து ஏறுகிறது. பெட்டி செய்தவர்களிடம் சொல்லியாயிற்று; எங்கள் வீட்டுக் குணத்தை அது மறக்க இன்னும் ஒரு மாதமாகுமாம். வலி மாத்திரையோ அதன் கையில்தான்.

"வலி எப்படி இருக்கும்மா?" என்று நேற்று கேட்டது.

"கொஞ்சம்தான்" என்றாள். பெட்டி திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. உங்க வாய்க்கு இன்னைக்காவது ஒரு வேலை."

"வயித்துக்குள்ள ரயில் எஞ்சின் ஓடுது! தாமிரபரணியே கொதிக்குது!" என்று கத்தினேன்.

பெட்டி திறந்தது. அதில் ஒரு சொல்லையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.